ஒரு கையால் திறக்கிற கேட்

மரத்தில் கேட் செய்யப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன மரம்?" என்றுதான். தேக்கா, வேங்கையா, பலாவா, விலை என்ன, கரையான் ஏறாதா. சட்டங்களை எப்படி இணைக்கப் போகிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கொல்லிமலையில் செம்மேட்டிலிருந்து அரப்பளீசுவரர் கோவில் வரைக்கும், அந்தப் பக்கம் சோளக்காடு வரைக்கும், தோட்டத்து வாசல்களைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். செத்துப்போன மரக்கேட்டுகளில் பலகை நன்றாகவே இருக்கும். மூலைதான் விட்டிருக்கும். மூலை விட்டதும் கேட் மூக்கைத் தரையில் ஊன்றிக்கொள்ளும். அப்புறம் அதைத் தூக்கித் தூக்கித் திறக்க வேண்டும். தூக்கித் திறப்பதால் இன்னும் விடும்.

எங்கள் துண்டு நிலத்தில் மிளகும் கொஞ்சம் காபியும் உண்டு. கீழ்ப்பகுதியில் மரவள்ளி போட்டோம். மரவள்ளி போட்டால் காட்டுப்பன்றிக்குத் தந்தி அடித்த மாதிரி. வேலி போட்டே ஆக வேண்டும் என்றானது. சிக்கல் என்னவென்றால், நிலத்தின் குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. மேலே இருக்கிற சில வீடுகளுக்கு ஊற்றுத் தண்ணீருக்கும், பஸ் ரோட்டுக்கும், சந்தைக்கும் அதுதான் வழி. என் பத்திரத்தைவிட அந்தப் பாதைக்கு வயது அதிகம். மேல்வீட்டு ஆயா ஒருநாள் நின்று சொன்னார்: "வேலி போடுங்க வாத்தியாரே, வேணாங்கல. வழிய மட்டும் அடைச்சிராதீங்க."

அடைக்க மாட்டேன், பூட்டுப் போடாத கேட் வைக்கிறேன், மேலே ஒன்று கீழே ஒன்று என்றேன். அவர் தலையை ஆட்டினார், நம்பிய மாதிரி தெரியவில்லை. அவர் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. தலையில் பலாப்பழத்தையோ தண்ணீர்க் குடத்தையோ வைத்துக்கொண்டு வருகிற மனுஷிக்கு ஒரு கைதான் மிச்சம். அந்த ஒரு கையால் திறக்க முடியாத கேட், பூட்டிய கேட்டுக்குச் சமம். கேட் தொங்கினால் பாதை அடைந்தது. அதனால் இந்த இரண்டு கேட்டுகளின் மூலை இணைப்பு எனக்கு வெறும் தச்சு விஷயமாக இருக்கவில்லை. ஒரு வாக்கைக் காப்பாற்றுகிற விஷயமாக இருந்தது.

இரும்பில் அடித்துப் போட்டுவிடலாமே என்று மகன் போனில் சொன்னான். இரும்பின் மேல் எனக்குப் பகை கிடையாது. ஆனால் பனியிலும் சாரலிலும் இரும்பு துருப்பிடித்து வெல்டிங் விட்டால், 70 கொண்டை ஊசி வளைவு தாண்டி ஆள் வர வேண்டும், அல்லது கேட்டைக் கழற்றிக் கீழே கொண்டுபோக வேண்டும். மரம் என்றால் ஒரு உளியும் கொட்டாப்புளியும் போதும், நின்ற இடத்திலேயே சரிசெய்யலாம்.

படல் போதுமே என்றார்கள் மேல்வீட்டார். படலை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். மூங்கிலை ஆணி அடித்தால் பிளக்கும். அதனால் படலில் இணைப்பு என்பது கட்டுதான். கயிறோ கொடியோ கொண்டு கட்டிய கட்டு கொஞ்சம் அசைந்து கொடுக்கும், அசைவதால் உடையாது. கொங்கு நாட்டு மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலிக்கு நடுவே வைக்கிற படலையும் இப்படித்தான் கட்டுகிறார்கள். குறை ஒன்றுதான். படலைத் தூக்கி நகர்த்த வேண்டும், ஒரு கையால் ஆகாது.

மாட்டுப்பட்டி வாசலில் இரண்டு தூணில் துளை போட்டு, குறுக்கே கழிகளைச் செருகி வைப்பதும் உண்டு. உழலைமரம் என்று அகராதியிலேயே இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், துளைக்குள் ஒரு மரத்தின் நுனி நுழைந்து நிற்பது என்கிற தச்சு வேலையின் ஆதி இணைப்பு அதுதான். சாஞ்சி ஸ்தூபியைச் சுற்றிய கல் வேலியிலும் அதே சங்கதி. தூண்களில் குழி வெட்டி, குறுக்குக் கற்களை அதில் செருகி, மேலே ஒரு தலைப்புக் கல்லைக் கவிழ்த்திருக்கிறார்கள். குறுக்குக் கல்லுக்கு அங்கே 'சூசி', ஊசி, என்று பெயர். கல்லுக்கு இந்த மாதிரி இணைப்பு தேவையே இல்லை. மரத்தில் செய்து பழகிய கை, கல் கிடைத்தபோதும் அதையே செய்திருக்கிறது. படத்தில் பார்த்தாலும் பட்டி வேலி நினைவுக்கு வராமல் போகாது.

இனிக் கணக்கு. எட்டாம் வகுப்பு நெம்புகோல் கணக்குதான், பயப்பட வேண்டாம். எங்கள் கேட் 5 அடி அகலம், 4 அடி உயரம். எடை 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடை முழுவதும் நடுவில், அதாவது தூணிலிருந்து இரண்டரை அடி தள்ளி இருப்பதாக நினைக்கலாம். கீல்கள் இரண்டுக்கும் இடையே 3 அடி என்றால், 30-ஐ இரண்டரையால் பெருக்கி 3-ஆல் வகுங்கள்: 25 கிலோ. அதாவது மேல் கீலை 25 கிலோ கனம் ஓயாமல் வெளியே இழுக்கிறது, கீழ்க் கீலை அதே 25 கிலோ தூணைப் பார்த்து அழுத்துகிறது. இரவும் பகலும், யாரும் தொடாமலேயே. 20 கிலோ எடையுள்ள ஒரு பையன் கேட்டின் நுனியில் தொங்கி ஊஞ்சலாடினால் இன்னும் 33 கிலோ கூடும். பையன்கள் ஊஞ்சலாடாத கேட் உலகத்தில் கிடையாது. அகலத்தை இரண்டு மடங்காக்கினால் எடையும் இரண்டு மடங்கு, தூரமும் இரண்டு மடங்கு, ஆக இழுப்பு நான்கு மடங்கு. வண்டி போகிற அகலத்துக்கு ஒற்றைக் கேட் வைக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் படித்தால் போதும்.

இந்த இழுப்பு கேட்டுக்குள்ளே எங்கே போகிறது? நான்கு மூலைக்கும்தான். செவ்வகம் சாய்சதுரமாகப் பார்க்கிறது, மூலை இணைப்புகள் விடமாட்டேன் என்கின்றன.

சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஆசாரிக்கு என்னைவிட இரண்டு வயது கூட. மகன் கோயம்புத்தூரில் அலுமினிய ஜன்னல் வேலையில் இருக்கிறார். மலைக்கு வந்து கேட் செய்யக் கேட்டதும், "அரைக்கு அரை போட்டுக் கொடுத்தா ஒரு நாள்ல முடிஞ்சிருமுங்க. நாக்கு விட்டுச் செய்யணும்னா மூணு நாளாகும். எது வேணுமுங்க?" என்றார். கூலியை மனதில் வைத்துக் கேட்ட கேள்வி இல்லை, நான் எவ்வளவு தூரம் தாங்குவேன் என்று பார்க்கிற கேள்வி.

அரைக்கு அரை என்பது இரண்டு சட்டத்திலும் பாதிக் கனத்தை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று படிய வைத்துப் பசையும் திருகாணியும் போடுவது. பார்க்க அழகு, வேலை சுலபம். வீட்டுக்குள் ஒரு படச்சட்டத்துக்கு நானும் அதையே சொல்வேன். வெளியில் நிற்கும் கேட்டில் அதற்கு மூன்று நோய். முதலாவது, 2 அங்குலச் சட்டம் மூலையில் 1 அங்குலம் ஆகிவிடுகிறது, அதுவும் இழுப்பு அதிகமான இடத்தில். இரண்டாவது, மேலே திறந்திருக்கும் விரிசலில் தண்ணீர் இறங்கி உள்ளேயே தங்கும். மூன்றாவதுதான் பெரியது. மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட நீளுவதும் இல்லை, குறுகுவதும் இல்லை. அகலவாக்கில்தான் ஐப்பசி, கார்த்திகையில் ஊதும், மாசி, பங்குனியில் சுருங்கும். அரைக்கு அரையில் ஒரு சட்டத்தின் நீளமும் மற்றதன் அகலமும் முகத்தோடு முகம் ஒட்டியிருக்கின்றன. ஒன்று நகர, மற்றது நகராது. வருஷத்துக்கு வருஷம் பசையைப் பிய்த்துக்கொண்டே இருக்கும். அப்புறம் நிற்பது திருகாணியின் தயவில். சாதாரண வெள்ளைப் பசை என்றால் முதல் அடைமழைக்கே வேலை முடிந்தது.

புறா வால் மாதிரி விரித்து வெட்டும் இணைப்பைப் போட்டால் என்ன என்று ஒரு நண்பர் படம் அனுப்பினார். மேசை இழுப்பறைக்கு அது தெய்வம், ஏனென்றால் இழுப்பறையை நாம் தினமும் ஒரே திசையில் இழுக்கிறோம். கேட்டில் அந்தத் திசையில் இழுப்பே இல்லை. படம் போட நன்றாக இருக்கும்.

மூன்று நாள் வேலையையே செய்யச் சொன்னேன். ஆசாரியின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

நாக்கு விடுவது என்றால், குறுக்குச் சட்டத்தின் நுனியை இருபக்கமும் செதுக்கி நடுவில் ஒரு நாக்கை விட்டு, நெடுஞ்சட்டத்தில் அதே அளவுக்குத் துளை பொளித்து உள்ளே செலுத்துவது. நாக்கு எவ்வளவு கனம்? ஆசாரி மட்டக்கோலை எடுக்கவே இல்லை. "ரெண்டு இன்ச்சு, பதினாறு நூலு. மூணுல ஒரு பங்கு, அஞ்சு நூலு." எட்டு நூல் ஓர் அங்குலம் என்கிற கணக்கு இன்னும் கையில் இருக்கிற தலைமுறை. நாக்கைக் கனமாக்கினால் துளையின் கன்னம் மெலிந்து பிளக்கும், மெலிதாக்கினால் நாக்கே ஒடியும். மயமதம் என்கிற பழைய சிற்ப நூலில் மரச் சந்திகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. தூண்களை இணைக்கிற ஒரு முறைக்கு அதில் 'மேஷயுத்தம்' என்று பெயர், ஆட்டுக்கிடாச் சண்டை. நடுவில் மூன்றில் ஒரு பங்குக்கு நாக்கு விட்டு முட்ட வைப்பது. ஆசாரியிடம் சொன்னேன். "கிடாச் சண்டையா? சரியாத்தானுங்க வெச்சிருக்காங்க" என்று வேலையைப் பார்த்தார்.

கீழ்க் குறுக்குச் சட்டம் 6 அங்குல அகலம். அதற்கு ஒரே அகலமான நாக்கு விட்டால், சுருங்கும்போது துளைக்குள் ஆட்டம் கண்டுவிடும், நெடுஞ்சட்டத்தில் பெரிய ஓட்டையும் விழும். எனவே இரட்டை நாக்கு, நடுவில் இடைவெளி விட்டு. மேல் சட்டத்துக்கு ஒற்றை போதும். ஆனால் மூலையில் நெடுஞ்சட்டத்தைக் குறுக்குச் சட்டத்தின் மட்டத்துக்கே வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் துளைக்கு மேலே பிடிக்க மரம் இருக்காது, வாய் பிளந்துகொள்ளும். மூன்று அங்குலம் கொம்பு மாதிரி மேலே விட்டு, அதன் தலையைச் சரிவாகச் சீவிவிட்டார் ஆசாரி, தண்ணீர் வழிய.

நாக்கு மறுபக்கம் வெளியே வரும்படி செலுத்தி ஆப்பு அடிப்பதா, குறுக்கே ஆணி போடுவதா என்று அரைமணி நேரம் பேசினோம். ஆப்புக்குப் பெரிய பரம்பரை உண்டு. ஜப்பானில் நாரா நகரத்துத் தோடாய்ஜி கோவிலின் தெற்கு மகாவாசல் 1199-இல் எழுப்பியது. தூண்களை ஊடுருவிப் போகும் குறுக்கு உத்தரங்களை ஆப்பு வைத்து இறுக்கியிருக்கிறார்கள், இன்றும் நிற்கிறது. ஆனால் அதற்கு மேலே பெரிய கூரை இருக்கிறது. நம் கேட் குடை இல்லாமல் நிற்கப் போகிறது, தினம் நூறு தரம் ஆடப் போகிறது. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்தால் ஆப்பு ஒருநாள் தளர்ந்து கீழே விழும். மர ஆணிதான் என்று முடிவாயிற்று.

அந்த ஆணியில் ஒரு சூட்சுமம். நெடுஞ்சட்டத்தில் போடும் துளைக்கும் நாக்கில் போடும் துளைக்கும் நேர்கோடு இருக்கக் கூடாது. நாக்கில் துளை அரை நூல் உள்ளே தள்ளி, தோள்பட்டைப் பக்கமாக இருக்க வேண்டும். நுனி கூர்மையான மூங்கில் ஆணியை அடிக்கும்போது அது வளைந்து நுழைந்து, நாக்கை உள்ளே இழுத்து, தோள்பட்டையை நெடுஞ்சட்டத்தோடு அப்படியே அணைத்துவிடும். பசை வேண்டாம், கிளாம்ப் வேண்டாம். அரை நூலுக்குப் பதில் ஒரு நூல் தள்ளினால் ஆணி ஒடியும், தள்ளாமல் விட்டால் இழுக்காது. ஆசாரி அதைக் கண்ணால்தான் அளந்தார். அடிக்கும்போது சத்தம் மாறும். கொட்டாப்புளி அடி 'டொக் டொக்' என்று வந்து, ஒரு கட்டத்தில் கனத்துக் கேட்கும். அதோடு நிறுத்திவிட வேண்டும்.

நான்கு மூலையும் இவ்வளவு நன்றாக இருந்தாலும், மூலையை நம்பி மட்டும் கேட்டைத் தொங்கவிடக் கூடாது. சாய்வுச் சட்டம் வேண்டும். இதைத்தான் பாதிப்பேர் தலைகீழாகப் போடுகிறார்கள். தூண் பக்கத்து மேல் மூலையிலிருந்து திறக்கும் பக்கத்துக் கீழ் மூலைக்கு மரத்தைச் சாய்த்தால், கேட்டின் கனம் அந்த மரத்தை இழுக்கும். இழுப்புக்கு இரும்புக் கம்பி சரி. மரத்தை இழுத்தால், தாங்குவது மரம் இல்லை, அதன் நுனியில் அடித்த ஆணிகள்தான். மாற்றிப் போட வேண்டும்: தூண் பக்கத்துக் கீழ் மூலையில் கால் ஊன்றி, திறக்கும் பக்கத்து மேல் சட்டத்தை முட்டுக்கொடுத்துத் தூக்க வேண்டும். அப்போது கனம் மரத்தை அழுத்தும், அழுத்தத்தை மரம் சுகமாகத் தாங்கும். இணைப்பும் எளிது. மேலும் கீழும் குறுக்குச் சட்டத்தில் ஓர் அங்குலம் பள்ளம் வெட்டி, சாய்வுச் சட்டத்தின் நுனியை அதில் இறுக்கமாக உட்கார வைத்தால் போதும். நாக்கு வேண்டாம். பள்ளத்தை மட்டும் நெடுஞ்சட்டத்திலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி வெட்டச் சொன்னேன். மூலையிலேயே முட்டினால் நாக்குத் துளையின் அருகே மரம் பலவீனமாகும்.

மரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் கேட்பீர்கள். இங்கே மிளகுக் கொடி ஏற்ற சில்வர் ஓக் நிறைய நிற்கிறது, மலிவு. வெளியில் மழையில் நின்றால் சீக்கிரம் மக்கும், கேட்டுக்கு ஆகாது. சட்டங்களுக்கு அறுவை மில்லிலிருந்து நன்றாகக் காய்ந்த பலா வாங்கினோம், வைரம் பாய்ந்த மஞ்சள் பகுதி மட்டும். சுற்றியிருக்கும் வெள்ளைப் பகுதியை ஆசாரி இரக்கமில்லாமல் சீவித் தள்ளினார். கரையானுக்கு அதுதான் பலகாரம். பட்டிகளை விரல் இடைவெளி விட்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் நடுவில் ஒரே ஒரு திருகாணி. இரண்டு போட்டால் சுருங்கும்போது பட்டி நடுவில் பிளக்கும். பட்டிகளைக் கீழ்ச் சட்டத்தில் காடி வெட்டிச் செருகுவது அழகுதான், ஆனால் அந்தக் காடி ஒரு தண்ணீர்த் தொட்டி. முகத்தில் அடித்துவிட்டோம். துளைக்குள்ளும் வெட்டிய நுனிகளிலும் முந்திரிக்கொட்டை எண்ணெய் ஊறப் பூசினோம். கையில் படாமல் பூச வேண்டும், புண்ணாக்கிவிடும்.

கீல் வைக்கவில்லை. இது ஆசாரியின் யோசனை. "கோயில் கதவுக்குக் கீலா வெச்சிருக்காங்க? குடுமி வெச்சிரலாமுங்க." தூண் பக்கத்து நெடுஞ்சட்டத்தையே மேலும் கீழும் நீட்டி, உருட்டிச் செதுக்கிய குடுமி. கீழ்க் குடுமிக்கு இரும்புப் பூண் மாட்டி, கல் குழியில் நிறுத்தி, மேல் குடுமியைக் கல்தூணில் பதித்த இரும்பு வளையத்தில் விட்டார். எடை முழுவதும் கல்லில் இறங்கிவிடுகிறது. பிடிமானம் இரண்டுக்கும் இடையே நாலரை அடி தூரம் கிடைத்ததால், முன்பு போட்ட கணக்கில் 25 கிலோ இழுப்பு 17 கிலோவுக்குக் கீழே வந்துவிட்டது. கோவிலில் மண்டபத்துக்கு அடியில் இருக்கிற குழி நனையாது, இங்கே நனையும். அதனால் குழிக்கல்லைத் தரையிலிருந்து மூன்று அங்குலம் தூக்கி வைத்து, பக்கவாட்டில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டோம். மேல் வளையத்தை அரை அங்குலம் தள்ளிப் பதித்ததால் கேட் திறந்து விட்டால் தானாகவே மூடிக்கொள்ளும், ஒரு சிறு மரத்தாழ் தன்பாட்டில் விழும். பின்னால் திரும்பி மூட வேண்டிய வேலை யாருக்கும் இல்லை.

மூங்கில் ஆணிகளைச் சட்ட மட்டத்துக்கு அறுத்துவிடலாமா என்று கேட்டேன். "உட்பக்கம் அரை இன்ச்சு நீட்டிக்கிட்டு இருக்கட்டுங்க. ஒரு சட்டம் போச்சுன்னா பின்னாடியிருந்து தட்டிக் கழட்டிரலாம். அதுக்குத்தானே பசை வேணாம்னது" என்றார். எட்டு ஆணி உபரியாகச் செதுக்கி, மாட்டுக்கொட்டகை எறவானத்தில் செருகிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

இந்தக் கார்த்திகை மழையில் பட்டிகள் ஊதி, விரல் இடைவெளி பாதியாகிவிட்டது. மூலைகளில் மட்டத்தை வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஆயா முதல் இரண்டு வாரம் தூரத்தில் நின்று கேட்டைப் பார்த்தார். இப்போது தலைச்சுமையோடு வந்து முழங்கையால் தாழைத் தட்டிவிட்டு, இடுப்பால் தள்ளிக்கொண்டு போகிறார். நேற்று போகிற போக்கில் ஒரு குறை சொன்னார்: கீழே முதல் பட்டிக்கும் தரைக்கும் நடுவே அவர் கோழிக்குஞ்சுகள் நுழைந்து மரவள்ளிக்குள் போய்விடுகின்றனவாம். "கீழ இன்னும் ஒரு பட்டி அடிங்க வாத்தியாரே." இரண்டு பட்டி அறுத்துக் கொட்டகையில் காயப் போட்டிருக்கிறேன். தை பிறந்ததும் அடிக்க வேண்டும்.